இயங்குதளத்தின் பீட்டா பதிப்பைக் கைமாற்றுவதில் உள்ள ஆபத்துகள்: பெறுபவருக்கும் தருபவருக்கும் முழுமையான வழிகாட்டி

2021 ஜூன் 15ஆம் தேதி, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 11 இயங்குதளத்தை அறிவிப்பதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்பு, அதன் 21996 என்ற எண்ணுள்ள பில்ட் (உருவாக்கத்தின்போது எண்ணிட்டுத் தயாரிக்கப்படும் இடைநிலைப் பதிப்பு) இணையத்தில் கசிந்தது. நிறுவுவதற்கான எல்லாம் அடங்கிய அந்த ஐஎஸ்ஓ கோப்பு டொரன்ட் வழியாகவும் கோப்புப் பகிர்வுத் தளங்கள் வழியாகவும் உலகெங்கும் பரவியது. ஜூன் 28ஆம் தேதி நிறுவனமே 22000.51 என்ற பில்டை இன்சைடர் என்ற தன் சோதனையாளர் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கியது. அதன் பிறகும் கசிந்த பழைய எண்ணைத் தேடியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்காகவே ஒரு பொறி வைக்கப்பட்டிருந்தது ஜூலை மாதம் வெளிப்பட்டது. 21996 என்ற எண்ணையும் ஆக்டிவேட்டர் என்ற சொல்லையும் பெயரில் தாங்கிய, 1.75 ஜிபி அளவுள்ள போலி நிறுவல் கோப்பு ஒன்றை காஸ்பர்ஸ்கை நிறுவனம் அடையாளம் காட்டியது. அந்த அளவில் பெரும்பகுதி, பயனற்ற தரவுகளால் நிரப்பப்பட்ட ஒரே ஒரு டிஎல்எல் கோப்பு. ஓர் இயங்குதளம் சில எம்பி அளவில் இருக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால், கோப்பின் எடையைக் கூட்டி நம்பவைத்திருந்தார்கள். அதைத் திறந்தால் வழக்கமான நிறுவல் திரையே தோன்றும். ஆனால் அது இறக்கிக்கொண்டுவரும் இரண்டாவது நிறுவி, விளம்பர மென்பொருள் முதல் கடவுச்சொல் திருடும் நிரல் வரை பலவற்றைக் கணினிக்குள் இறக்கிவிடும்.

பீட்டா பதிப்பை, அதாவது இறுதி வெளியீட்டுக்கு முன் சோதனைக்கெனத் தரப்படும் பதிப்பை, பயன்படுத்துவது தவறன்று. அதைச் சோதித்துக் குறை சொல்பவர்கள் இல்லாமல் எந்த இயங்குதளமும் செம்மையடைவதில்லை. ஆபத்து பன்மடங்காவது, அந்தப் பதிப்பு வெளியிட்டவரின் வழியை விட்டு விலகி, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போதுதான். கோப்பு உண்மையில் எங்கிருந்து வந்தது என்ற சான்றும், அதில் அறியப்பட்டுள்ள குறைகளைப் பற்றிய குறிப்பும், எப்போது காலாவதியாகும், பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது என்ற விவரமும் அந்தப் பயணத்தில் கழன்று விழுந்துவிடுகின்றன. கடைசியில் வாங்குபவர் கையில் கோப்பு மட்டுமே மிஞ்சுகிறது. பென்டிரைவிலோ டெலிகிராம் குழுவிலோ இத்தகைய கோப்பு வந்துசேர்ந்தவர்களுக்காகவும், நல்லெண்ணத்தோடு பிறருக்கு அனுப்ப நினைப்பவர்களுக்காகவும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதல் படி: கையில் இருப்பது எந்த வகைப் பதிப்பு என்று அறிதல்

பீட்டா என்ற ஒரே பெயரில் வெவ்வேறு தன்மையுள்ள பதிப்புகள் சுற்றுகின்றன. விண்டோஸ் இன்சைடர் திட்டத்தில் கேனரி, டெவ், பீட்டா, ரிலீஸ் ப்ரிவ்யூ என்று நான்கு சேனல்கள் நெடுநாள் இருந்துவந்தன. கேனரியில் வருவது அன்றாட வேலைக்குச் சற்றும் ஏற்றதன்று, ரிலீஸ் ப்ரிவ்யூவில் வருவது ஏறத்தாழ முழுமை பெற்றது. ஆப்பிள் நிறுவனம் டெவலப்பர் பீட்டா, பொது பீட்டா என இரண்டாகப் பிரித்துத் தருகிறது. ஆண்ட்ராய்டில் 2025 வரை டெவலப்பர் ப்ரிவ்யூ நிலையைக் கடந்தே ஒரு பதிப்பு பீட்டாவானது. இவை அனைத்தும் வெளியார் பார்வைக்கென்றே தயாரிக்கப்பட்டவை.

நிறுவனத்துக்குள் மட்டும் சோதிப்பதற்காக உருவாகி, கசிவின் மூலம் வெளியே வந்த பில்ட் இவற்றில் எதிலும் சேராது. வெளியாருக்குத் தருவதற்கு முன் செய்யப்படும் குறைந்தபட்சச் சரிபார்ப்புகூட அதற்கு நடந்திருக்காது. அது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை 2017 ஜூன் மாதத்தின் தொடக்கத்தில் நடந்த ஒரு நிகழ்வு காட்டுகிறது. மைக்ரோசாஃப்ட் தன் உள் பில்டுகள் சிலவற்றைத் தவறுதலாக இன்சைடர் பயனர்களுக்கு அனுப்பிவிட்டது. கைபேசிகளுக்குச் சென்ற பில்டை நிறுவியவர்களின் கருவிகள் திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆகும் பூட்லூப் நிலையில் சிக்கின. அவற்றைக் கணினியுடன் இணைத்து, மீட்புக் கருவியைக் கொண்டு எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. அதிகாரபூர்வ வழியில் வந்ததால் அவர்களுக்கு எச்சரிக்கையும் மீட்கும் முறையும் உடனே கிடைத்தன. அதே பில்டை ஒரு நண்பரிடமிருந்து பெற்றவருக்கு அந்த அறிவிப்பு போய்ச்சேர வழியே இல்லை.

ஆகவே கோப்பின் பெயரில் உள்ள பில்ட் எண்ணை எடுத்து, அந்த எண் நிறுவனத்தின் சொந்த வெளியீட்டுக் குறிப்புகளில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அது கசிந்ததாகவோ போலியாகவோதான் இருக்கும். அதற்கு மேல் எந்தப் படிக்கும் செல்ல வேண்டாம்.

இரண்டாம் படி: கோப்பின் மூலத்தைச் சரிபார்த்தல்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானோர் தாண்டிச் செல்கிறார்கள். 2009 ஏப்ரல் இறுதியில், விண்டோஸ் 7 இயங்குதளத்தின் ரிலீஸ் கேண்டிடேட் பதிப்பு (பீட்டாவுக்கு அடுத்து, இறுதி வெளியீட்டுக்கு முன் வருவது) அதிகாரபூர்வமாக வெளிவருவதற்குச் சில நாட்கள் முன்பே டொரன்ட் தளங்களில் கிடைத்தது. அவ்வாறு சுற்றிய பிரதிகளில் ஒன்றில் யாரோ ட்ரோஜன் எனப்படும் மறைந்திருக்கும் தீநிரல் ஒன்றைச் செருகியிருந்தார்கள். டாம்பல்லா என்ற பாதுகாப்பு நிறுவனம் மே 10ஆம் தேதி அந்த ட்ரோஜனிடம் சிக்கிய கணினிகளின் வலையமைப்பை இயக்கிய கட்டளைச் சேவையகத்தை முடக்கியபோது, ஏறக்குறைய 27,000 கணினிகள் அதன் பிடியில் இருந்ததாக மதிப்பிட்டது. வழக்கமாகத் தீநிரல் என்பது ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்துக்குள் வெளியிலிருந்து நுழைய முயல்வது. அதைத் தடுக்க ஆன்டிவைரஸ் காவல் இருக்கும். இங்கோ காவலாளி வேலைக்கு வருவதற்கு முன்பே வீட்டுக்குள் திருடன் குடியிருந்தான். அந்தப் புதிய இயங்குதளத்துக்கு ஏற்ற ஆன்டிவைரஸ் மென்பொருள்களும் அப்போது அதிகமாக இருக்கவில்லை.

சரிபார்ப்பதற்கான முதல் கருவி ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியீடு. விண்டோஸில் பவர்ஷெல் சாளரத்தைத் திறந்து, கெட்-ஃபைல்ஹாஷ் என்ற கட்டளையோடு கோப்பின் முகவரியைத் தந்தால், எழுத்துகளும் எண்களுமாக 64 குறிகள் கொண்ட எஸ்ஹெச்ஏ-256 மதிப்பு கிடைக்கும். வெளியிட்டவரின் தளத்தில் உள்ள மதிப்புடன் அது முழுவதுமாக ஒத்துப்போக வேண்டும். முதல் நான்கு எழுத்தையும் கடைசி நான்கு எழுத்தையும் மட்டும் கண்ணால் பார்த்து ஒப்பிடாதீர்கள். இரண்டையும் நகலெடுத்து ஒட்டி ஒப்பிடுங்கள்.

கோப்பைத் தந்தவரே ஹாஷ் மதிப்பையும் தந்தால், அது எதையும் நிரூபிப்பதில்லை. 2016 பிப்ரவரி 20ஆம் தேதி லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் பதிவிறக்க இணைப்பை மாற்றி, பின்கதவு வைக்கப்பட்ட ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். அதிகாரபூர்வத் தளத்திலேயே இது நடக்க முடியுமென்றால், பெயர் தெரியாத ஒருவரின் பகிர்வில் நடக்க என்ன தடை? அதனால்தான் லினக்ஸ் வழங்கல்களில் (லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளங்களில்) பல, ஹாஷ் பட்டியலோடு, அதை வெளியிட்டவர் யாரென்று உறுதிசெய்யும் ஜிபிஜி என்ற டிஜிட்டல் கையொப்பத்தையும் தருகின்றன. அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் முறையைக் கற்க அரை மணி நேரம் ஆகலாம், அது வீணாகாது.

விண்டோஸ் ஐஎஸ்ஓவில் இன்னொரு நுட்பமான சிக்கல் உண்டு. ஐஎஸ்ஓவைத் திறந்து, உள்ளே இருக்கும் செட்அப் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையொப்பம் இருப்பதைப் பார்த்துப் பலர் நிம்மதி அடைகிறார்கள். அந்தக் கையொப்பம் செட்அப் கோப்புக்கு மட்டுமே சாட்சி. கணினியில் போய் அமரப்போகும் இயங்குதளம் முழுவதும், சோர்சஸ் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் இன்ஸ்டால் டாட் விம் என்ற பெரிய கோப்பில் உள்ளது. அந்தக் கோப்பைப் பிரித்து, விரும்பியதைச் சேர்த்து, மீண்டும் மூடிவைக்க மைக்ரோசாஃப்டின் சொந்தக் கருவிகளே போதும். நிறுவனங்கள் தம் தேவைக்கேற்ற விண்டோஸ் படிமங்களைத் தயாரிப்பது அப்படித்தான். அவ்வாறு மாற்றிய பிறகும் செட்அப் கோப்பின் கையொப்பம் செல்லுபடியாகவே காட்டும். முழு ஐஎஸ்ஓவின் ஹாஷ் மதிப்பை, வெளியிட்டவர் சொல்லும் மதிப்போடு ஒப்பிடுவதற்கு மாற்று வழி கிடையாது.

ஐஃபோனில் நிலைமை வேறு. ஆப்பிளின் கையொப்பம் இல்லாத இயங்குதளத்தை அந்தக் கருவி ஏற்காது. நிறுவும் நேரத்தில் ஆப்பிளின் சேவையகத்திடமே ஒப்புதல் கேட்கும். ஆகவே அங்கே கைமாறி வந்தது பெரும்பாலும் இயங்குதளமன்று, ப்ரொஃபைல் எனப்படும் சிறு கோப்பு. புதுப்பிப்புகளைப் பீட்டா வழியிலிருந்து பெறுமாறு கருவியைத் திருப்பிவிடுவது அதன் வேலை. ஆனால் அதே ப்ரொஃபைல் வடிவத்துக்குள் நம்பகச் சான்றிதழையும், விபிஎன் அமைப்பையும், கருவியைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் அனுமதியையும் வைக்க முடியும். பீட்டா ப்ரொஃபைல் என்ற பெயரில் வந்ததை நம்பி இன்ஸ்டால் என்று அழுத்துபவர், தன் இணையப் போக்குவரத்து முழுவதையும் அறிமுகமற்றவர் கையில் ஒப்படைக்க நேரலாம். 2023ஆம் ஆண்டு ஐஓஎஸ் 16.4 பதிப்பிலிருந்து, பீட்டா உரிமை ப்ரொஃபைலோடு இல்லாமல் ஆப்பிள் கணக்கோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதே ஆண்டு ஜூன் முதல் டெவலப்பர் பீட்டாவும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆகவே இன்று யாராவது ஐஓஎஸ் பீட்டாவுக்கென்று ப்ரொஃபைல் அனுப்பினால், அதை நிறுவ எந்தத் தேவையும் இல்லை.

ஆண்ட்ராய்டு கைபேசியில், இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் என்ற நிரல் பூட்டியிருக்கும்வரை ஓரளவு பாதுகாப்பு உண்டு. வெளியிலிருந்து வந்த இயங்குதளப் படிமத்தை ஃபிளாஷ் செய்வதற்காக (கருவியில் எழுதுவதற்காக)ப் பூட்லோடரைத் திறந்த கணமே, தொடங்கும் இயங்குதளம் உண்மையானதுதானா என்ற சோதனை பொருளற்றதாகிவிடுகிறது. அப்படிப்பட்ட கைபேசியில் பல வங்கிச் செயலிகளும் பணப் பரிமாற்றச் செயலிகளும் இயங்க மறுப்பதும் இந்தக் காரணத்தால்தான்.

மூன்றாம் படி: அறியப்பட்ட குறைகளைப் படித்தல்

ஒவ்வொரு பீட்டாவுடனும் அறியப்பட்ட சிக்கல்களின் பட்டியல் ஒன்று வெளிவருகிறது. கைமாறி வரும் கோப்புடன் அது வருவதில்லை. இதன் விளைவை விண்டோஸ் 7 பீட்டாவில், 7000 என்ற எண்ணுள்ள பில்டில் பார்க்கலாம். அதில் எம்பி3 பாடல்களைச் சேதப்படுத்தும் பிழை இருந்தது. ஆல்பம் அட்டைப் படம் போன்ற கூடுதல் தகவல்கள் அதிக அளவில் பொதிந்துள்ள பாடலை விண்டோஸ் மீடியா பிளேயரின் தொகுப்பில் சேர்த்தாலோ, அதன் விவரங்களைத் திருத்தினாலோ, பாடலின் தொடக்கத்தில் சில நொடிகள் நிரந்தரமாக அழிந்துபோகக்கூடும். 2009 ஜனவரியில் பீட்டாவைப் பொதுமக்களுக்கு வழங்கியபோது மைக்ரோசாஃப்ட் இதற்கான பேட்சையும் உடன் தந்து, எம்பி3 கோப்புகளை முன்கூட்டியே ரீட்-ஒன்லியாக மாற்றிவைக்குமாறும் சொன்னது. ஆனால் அதே பில்ட் 2008 டிசம்பர் இறுதியிலேயே டொரன்டில் கசிந்துவிட்டது. அப்போதே அதை நிறுவியவர்களிடம் பேட்சும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. பாடல் தொகுப்பு மட்டும் இருந்தது.

பிழை மென்பொருளோடு நிற்கும், வன்பொருளைத் தொடாது என்ற நம்பிக்கையும் தவறு. 2008 செப்டம்பரில், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2.6.27 சோதனைப் பதிப்பைக் கொண்டிருந்த இயங்குதளங்களை நிறுவியவர்கள் சிலருக்கு, இன்டெல் நெட்வொர்க் கார்டு செயலிழந்தது. பழைய இயங்குதளத்தை மீண்டும் நிறுவியும் அது உயிர் பெறவில்லை. கார்டின் அமைப்புகளைத் தாங்கியிருக்கும் அழியா நினைவகப் பகுதியே சிதைந்திருந்தது. ஓப்பன்சூசி 11.1, ஃபெடோரா 10, உபுண்டு 8.10 ஆகியவற்றின் சோதனைப் பதிப்புகள் இதில் சிக்கின. பல நாள் தேடலுக்குப் பிறகே காரணம் தெரியவந்தது. கார்டை இயக்கும் நிரலான நெட்வொர்க் டிரைவரைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகித்தார்கள். குற்றவாளியோ கெர்னலின் செயல்பாட்டைத் தடமறியும் எஃப்டிரேஸ் என்ற வேறொரு வசதி. ஏற்கெனவே விடுவிக்கப்பட்டுவிட்ட நினைவக முகவரிகளில் அது குறியீட்டை எழுத முயன்றது. அந்த முகவரிகளோ அதற்குள் நெட்வொர்க் கார்டின் நினைவகத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. செய்தி பரவியதும் வழங்கல்கள் அந்த டிரைவரை முடக்கின, சில தம் சோதனைப் பதிப்புகளின் ஐஎஸ்ஓக்களைத் திரும்பப் பெற்றன. தளத்தில் உள்ள கோப்பைத் திரும்பப் பெறலாம். பென்டிரைவில் போன கோப்பை யாராலும் திரும்பப் பெற முடியாது. கைமாற்றுவதன் ஆபத்து முழுவதும் இந்த ஒரு நிகழ்வில் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன்.

ஆகவே நிறுவும் முன் குறிப்புகளை முழுமையாகப் படியுங்கள். உங்கள் கருவியின் மாடலும், நீங்கள் தினமும் பயன்படுத்தும் செயலிகளும் அதில் இடம்பெற்றிருக்கின்றனவா என்று பாருங்கள். அத்துடன், அந்தப் பில்டுக்குப் பிறகு புதிய பில்ட் வந்துவிட்டதா, அது திரும்பப் பெறப்பட்டதா என்றும் பாருங்கள். 2018 ஆகஸ்டில் ஐஓஎஸ் 12இன் ஏழாவது டெவலப்பர் பீட்டா, கருவிகளை மிகவும் மந்தமாக்கியதால் வெளியான சில மணி நேரத்திலேயே நிறுத்தப்பட்டது.

நான்காம் படி: காலாவதித் தேதியைக் கண்டறிதல்

பீட்டா பதிப்புகளுக்குள் பெரும்பாலும் ஒரு காலாவதித் தேதி எழுதப்பட்டிருக்கும். விண்டோஸ் 7 பீட்டா 2009 ஆகஸ்ட் 1ஆம் தேதியும், ரிலீஸ் கேண்டிடேட் 2010 ஜூன் 1ஆம் தேதியும் காலாவதியாயின. அதற்குப் பல வாரங்கள் முன்பிருந்தே, ரிலீஸ் கேண்டிடேட்டைப் பொறுத்தவரை 2010 மார்ச் 1 முதலே, கணினி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக அணைந்தது. சேமிக்காத வேலை போய்விடும். தேதி தெரிந்தவர் முன்னதாகவே மாறிக்கொள்வார். கடையில் யாரோ நிறுவித் தந்ததைப் பயன்படுத்துபவர், கணினியில் கோளாறு என்றெண்ணி வன்பொருளை மாற்றப் பணம் செலவழிப்பார்.

விண்டோஸில் ரன் பெட்டியில் வின்வெர் என்று தந்தால் பில்ட் எண்ணுடன், மதிப்பீட்டுப் பதிப்பாக இருந்தால் அது முடியும் தேதியும் தெரியும். தேதிக் கணக்கு பிசகுவதும் உண்டு. 2018 ஆகஸ்ட் இறுதியில், ஐஓஎஸ் 12 பீட்டா பயன்படுத்தியவர்களுக்குக் கைபேசியைத் திறக்கும்போதெல்லாம் புதிய பதிப்பு வந்துள்ளது, உடனே புதுப்பிக்கவும் என்ற செய்தி தோன்றிக்கொண்டே இருந்தது. புதிய பதிப்பு எதுவும் வந்திருக்கவில்லை. மறுநாளே ஆப்பிள் அடுத்த பீட்டாவை வெளியிட்டு அதைச் சரிசெய்தது. புதுப்பிப்புச் சங்கிலியில் இணைந்திருந்தவர்களுக்கே அந்தத் தீர்வு கிடைத்தது.

ஐந்தாம் படி: திரும்பும் வழியை முன்கூட்டியே அமைத்தல்

பீட்டாவுக்குள் நுழைவது எளிது, வெளியேறுவது கடினம். விண்டோஸ் டெவ் சேனலில் இருந்து நிலையான பதிப்புக்கு வர, பெரும்பாலும் எல்லாவற்றையும் அழித்து க்ளீன் இன்ஸ்டால் செய்ய வேண்டியிருக்கும். பிக்சல் கைபேசியில் பீட்டா திட்டத்திலிருந்து இடையில் விலகி நிலையான பதிப்புக்குத் திரும்பினால், கருவியில் உள்ள தரவு முழுவதும் அழியும். சில வேளைகளில் திரும்பவே முடியாது: 2022 ஆகஸ்டில் வந்த ஆண்ட்ராய்டு 13, பிக்சல் 6 வரிசைக் கைபேசிகளின் பூட்லோடரில் பின்செல்லல் தடுப்பு எண்ணை உயர்த்தியது, அதன் பிறகு ஆண்ட்ராய்டு 12க்கு இறங்க முயன்றால் கைபேசி தொடங்காது. ஆப்பிள் வாட்சில் பீட்டாவை நிறுவிவிட்டால் முந்தைய பதிப்பைப் பயனர் தாமாக மீண்டும் நிறுவ முடியாது.

ஐஃபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பீட்டாவில் இருக்கும்போது எடுத்த பேக்கப்பை, அதைவிடப் பழைய ஐஓஎஸ் பதிப்பில் மீட்டெடுக்க முடியாது. ஆகவே பீட்டாவை நிறுவுவதற்கு முன்பு, கணினியில் ஒரு முழுப் பேக்கப் எடுத்து, அதை ஆர்க்கைவ் செய்துவையுங்கள்; ஆர்க்கைவ் செய்யாவிட்டால் அடுத்த பேக்கப் அதன் மீதே எழுதிவிடும். ஐகிளவுட் பேக்கப் மட்டும் இருந்தால் போதாது, அது இரவோடு இரவாகப் புதிய பீட்டா பேக்கப்பாக மாறிவிடக்கூடும்.

பீட்டாவின் பாதிப்பு அந்த ஒரு கருவியோடு நிற்பதில்லை என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். ஐஓஎஸ் 13 பீட்டாவில் ரிமைண்டர்ஸ் செயலியை மேம்படுத்தியவர்களுக்கு, அதே கணக்கில் இருந்த பழைய மேக்கிலும் ஐபேடிலும் அந்தக் குறிப்புகள் ஒத்துப்போகாமல் போயின. ஆகவே பீட்டாவுக்கென்று தனிக் கணக்கும் தனிக் கருவியும் இருப்பது நல்லது. தனிக் கணினி இல்லாதவர்கள் விர்ச்சுவல் பாக்ஸ் அல்லது ஹைப்பர்-வி போன்ற மெய்நிகர் இயந்திரத்தில் நிறுவிப் பார்க்கலாம்; ஆனால் ஷேர்டு ஃபோல்டர் வசதியையும், பொதுக் கிளிப்போர்டையும் அணைத்துவையுங்கள். வங்கிக் கணக்கு, ஆதார் நகல், அலுவலக மின்னஞ்சல் ஆகிய எதுவும் அந்தச் சூழலுக்குள் நுழையக் கூடாது. விண்டோஸ் இன்சைடர் பில்டுகளில் விரிவான டயக்னாஸ்டிக் தரவை அனுப்புவது கட்டாயம் என்பதையும் நினைவில் வையுங்கள். அது சோதனைக்கு உடன்படுபவர் தெரிந்தே தரும் விலை. பென்டிரைவில் வாங்கியவர் அதற்கு எப்போதும் உடன்பட்டதில்லை.

ஆறாம் படி: பிறருக்குத் தருவதற்கு முன்

கோப்பைத் தராதீர்கள், அதிகாரபூர்வப் பக்கத்தின் முகவரியைத் தாருங்கள். இணைய வேகம் குறைவான ஊர்களில் 5 ஜிபி கோப்பை மீண்டும் இறக்கச் சொல்வது கடினம் என்பது எனக்குத் தெரியும். அந்த நியாயமான சிரமத்தைத்தான் 2015இல் எக்ஸ்கோட்கோஸ்ட் என்ற தீநிரல் பயன்படுத்திக்கொண்டது. சீனாவில் ஆப்பிளின் எக்ஸ்கோட் நிரலாக்கக் கருவியை அதிகாரபூர்வ வழியில் இறக்க நெடுநேரம் ஆனதால், உள்ளூர் கோப்புப் பகிர்வுச் சேவையில் கிடைத்த பிரதியைப் பல டெவலப்பர்கள் பயன்படுத்தினார்கள். அந்தப் பிரதி திருத்தப்பட்டிருந்தது. அதைக் கொண்டு உருவாக்கிய ஒவ்வொரு செயலிக்குள்ளும் தீநிரல் சேர்ந்து, வீசாட் போன்ற பெரிய செயலிகளின் சில பதிப்புகள் வரை சென்றது. ஒருவர் கைமாற்றிய கோப்பு, அதைத் தொடாதவர்களின் கைபேசிக்கும் போய்ச்சேர்ந்தது.

சட்டமும் இதைச் சிறு குற்றமாகப் பார்ப்பதில்லை. 2004 டிசம்பரில், மேக் ஓஎஸ் எக்ஸ் டைகரின் முன்வெளியீட்டுப் பிரதிகளை டொரன்டில் பரப்பியதாக மூவர் மீது ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. விண்டோஸ் 8இன் வெளியாகாத பகுதிகளைக் கசியவிட்ட மைக்ரோசாஃப்டின் முன்னாள் ஊழியர் ஒருவர், 2014இல் அமெரிக்காவில் மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்றார். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, உரிமமற்ற கணினி நிரல் என்று தெரிந்தே பயன்படுத்துபவருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ரூ. 50,000 முதல் ரூ. 2 லட்சம் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. கடையில் வாடிக்கையாளரின் கணினிக்கு இயங்குதளம் போட்டுத் தருபவர்கள் இதைக் கட்டாயம் கருத்தில் கொள்ள வேண்டும். தீநிரல் கலந்த பிரதியை நிறுவித் தந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவின் கீழ் இழப்பீட்டுக் கேள்வியும் எழலாம்.

கைமாற்றம் சோதனைப் பணியையே கெடுக்கிறது என்பது எனக்கு வருத்தம் தருவது. பீட்டா என்று அறியாமல் பயன்படுத்துபவர், செயலி நின்றுபோனால் அந்தச் செயலியை உருவாக்கியவரைத் திட்டுவார், ஒற்றை நட்சத்திரம் தருவார். இதனால் சிறு டெவலப்பர்கள் பாதிக்கப்பட்டதை அடுத்தே, 2015இல் ஐஓஎஸ் 9 பீட்டா நாட்களில், பீட்டா நிறுவிய கருவிகளிலிருந்து மதிப்பீடு எழுதுவதை ஆப்பிள் தடுத்தது. பின்னூட்டம் என்பது எண்ணிக்கையால் மட்டும் பயன் தருவதன்று. 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு, சிலருடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருந்த கோப்புகளை அழித்தது; சோதனையாளர்கள் சிலர் அதை முன்பே புகாராக எழுதியிருந்தும், குவிந்த பின்னூட்டங்களுக்குள் அது கவனம் பெறவில்லை. வெளியீட்டை நிறுத்திவைத்துச் சரிசெய்து, நவம்பர் 13ஆம் தேதியே மீண்டும் வெளியிட்டார்கள். புகாரின் தீவிரத்தைக் குறிப்பிடும் வசதி அதன் பிறகுதான் விண்டோஸ் சோதனையாளர்கள் புகார் அனுப்பும் ஃபீட்பேக் ஹப் செயலியில் சேர்க்கப்பட்டது. பீட்டாவை வேடிக்கைக்காக நிறுவிப் புகாரே எழுதாத ஆயிரம் பேரைவிட, குறிப்புகளைப் படித்து, பிழை தோன்றும் படிகளை ஒழுங்காக எழுதி அனுப்பும் ஒருவர் மேலானவர்.

ஏழாம் படி: அறியாத பிரதியை ஏற்கெனவே நிறுவியிருந்தால்

முதலில் வைஃபையையும் நெட்வொர்க் கேபிளையும் துண்டியுங்கள். பிறகு, அந்தக் கருவியில் இல்லாமல், நம்பகமான வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அடுத்து வங்கி, அதன் பின் மற்றவை. மின்னஞ்சலை முதலில் மாற்றுவதற்குக் காரணம், மற்ற எல்லாக் கணக்குகளின் மீட்பு இணைப்பும் அங்கேதான் வருகிறது. கணக்கு அமைப்புகளில் இப்போது உள்நுழைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்து, அந்தக் கணினியை வெளியேற்றுங்கள்.

ஆவணங்களையும் படங்களையும் மட்டும் வெளியே எடுத்து, எக்ஸ்இ போன்ற இயங்கும் கோப்புகளை விட்டுவிடுங்கள். நம்பகமான கணினி ஒன்றில், நிறுவனத்தின் தளத்திலிருந்து நிலையான பதிப்பை இறக்கி, நிறுவல் பென்டிரைவ் தயாரியுங்கள். நிறுவும்போது அப்கிரேட் என்பதைத் தேர்வு செய்யாமல், வட்டில் உள்ள எல்லாப் பிரிவுகளையும் (பார்ட்டிஷன்களையும்) அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். விண்டோஸின் ரீசெட் வசதி இங்கே போதாது. சந்தேகத்துக்குரிய அதே பிரதியில் இருக்கும் கோப்புகளைக் கொண்டே அது மறுபடி நிறுவக்கூடும். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் இணையக் குற்ற உதவி மையத்தை உடனே அழையுங்கள்; எவ்வளவு விரைவில் அழைக்கிறீர்களோ, பணத்தை முடக்கிவைக்கும் வாய்ப்பு அவ்வளவு கூடும்.

அந்தப் பிரதியை நீங்கள் வேறு யாருக்கேனும் தந்திருந்தால், அவர்கள் ஒவ்வொருவருக்கும் பில்ட் எண்ணோடு செய்தி அனுப்புங்கள். குழுவில் இட்ட இணைப்பை நீக்குவதோடு விடாமல், ஏன் நீக்கினீர்கள் என்றும் அதே இடத்தில் எழுதுங்கள். இறக்கிவைத்து இன்னும் நிறுவாதவர் அதைப் பார்த்தால் நிறுத்திக்கொள்வார். பழுது நீக்கும் கடை நடத்துபவர்கள், கடையில் உள்ள எல்லா நிறுவல் பென்டிரைவ்களையும் ஒருமுறை எடுத்துப் பார்த்து, எந்தப் பதிப்பு, எங்கிருந்து, எந்தத் தேதியில் இறக்கியது என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டுங்கள். இந்த மூன்றில் எதையேனும் எழுத முடியாத பென்டிரைவை அன்றே ஃபார்மேட் செய்துவிடுங்கள்.